கலைப் படிப்புக்குள் வந்த உயிரியல்: ஆத்தூர் வட்டாரத்தை முன்வைத்து

அறிவியல் எடுக்காத பட்டப்படிப்பு மாணவருக்கும் உயிரியல் வேண்டும் என்ற எண்ணம் சுதந்திர இந்தியாவில் புதிதன்று. 1948-இல் அமைக்கப்பட்ட இராதாகிருஷ்ணன் ஆணையம் மறு ஆண்டு தந்த அறிக்கையில், எல்லா மாணவருக்கும் பொதுக்கல்வியும் அதில் இயற்கை அறிவியலும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் அந்தப் பரிந்துரை வேர்பிடிக்கவில்லை. வரலாறோ வணிகவியலோ எடுத்தவர் செடியையும் பூச்சியையும் பள்ளியோடு விட்டுவிடுவதே வழக்கமாயிற்று.

வழக்கம் மாறியது நீதிமன்றத்தால். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலைக் கல்லூரிகளில் கட்டாயப் பாடமாக்குவது பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு ஆராய வேண்டும் என்றது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2003-ஐ ஒட்டி, எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் பொதுவான பாடத்திட்டம் வந்தது. எராச் பரூச்சா எழுதிய பாடநூலும் உடன் வந்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் இருக்கும் ஆத்தூர்க் கல்லூரி மாணவர்களும் இப்படித்தான் இப்பாடத்தைச் சந்தித்தார்கள்.

இந்தப் பிறப்பே பாடத்தின் உள்ளடக்கத்தைத் தீர்மானித்துவிட்டது என்பது என் வாதம். சுற்றுச்சூழல் விழிப்புணர்வு கோரிய வழக்கிலிருந்து வந்த பாடம் சுற்றுச்சூழலையே மையமாக்கிக்கொண்டது. 2003-ஐ ஒட்டி வந்த அந்தப் பாடத்திட்டத்தில் மொத்தம் 50 வகுப்புகள். சூழலமைப்புக்கு 6, பல்லுயிர் வளத்துக்கு 8. உயிரணுவுக்கும் மரபுக்கும் பரிணாமத்துக்கும் தனி அலகு இல்லை. பூச்சியினங்கள் ஏன் மருந்தை எதிர்க்கும் திறன் பெறுகின்றன என்பது பரிணாமம் தெரியாமல் புரியாது. ஆகவே இதைச் சிறிய குறையாக நான் கருதவில்லை.

ஆனால் கடைசி அலகு களப்பணி. அதற்கு 5 வகுப்புகள். ஆத்தூரைப் பொறுத்தவரை பாடத்திட்டத்தின் மிக வளமான இடம் இதுதான்.

இவ்வட்டார மரவள்ளி வயலையே எடுத்துக்கொள்வோம். இங்கே குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளி தென் அமெரிக்கச் செடி. அதைத் தாக்கும் மாவுப்பூச்சியும் அங்கிருந்து வந்ததே. 1970-களில் ஆப்பிரிக்க மரவள்ளிக் காடுகளைச் சூறையாடிய அந்தப் பூச்சி 2020-இல் கேரளத்தில் தென்பட்டு, பிறகு சேலம், நாமக்கல் வயல்களுக்குள் நுழைந்தது. குருத்து சுருண்டது, கணுக்கள் குறுகின, கிழங்கு சிறுத்தது. அதன் இயற்கை எதிரிகள் கூடவே கடல் கடந்து வராததால் தடையின்றிப் பெருகியது. ஆப்பிரிக்காவில் அதை அடக்கிய வழி முன்பே தெரிந்திருந்தது: அனகைரஸ் லோபேசி என்னும் சிறு குளவி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் அது முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று வளரும். இம்முயற்சிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே குளவியைப் பெனின் நாட்டிலிருந்து பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் தருவித்தது. 2022 மார்ச்சில் அது முதன்முதலாக விடப்பட்ட இடம், ஆத்தூருக்குப் பக்கத்தில் உள்ள ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம்.

ஒட்டுண்ணி வாழ்வு, உணவுச் சங்கிலி, அயல் உயிரிகளின் பெருக்கம் ஆகிய மூன்றும் இந்த ஒரு நிகழ்வில் அடங்கியிருக்கின்றன. மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளின் கழிவுநீரையும் சேர்த்துக்கொள்ளலாம்: மாவுச்சத்தைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட, மீன் மூச்சடைத்துச் சாகிறது. ஆத்தூர் வழியே ஓடும் வசிஷ்ட நதியின் கரையில் இதைக் காட்டி வேதியியலும் உயிரியலும் சேர்த்தே சொல்லலாம்.

பி.ஏ. தமிழ் படிக்கும் மாணவிக்கும் வணிகவியல் மாணவனுக்கும் இந்த 5 வகுப்புகள் அறிக்கை நகலெடுக்கும் சடங்காகப் போய்விடக் கூடாது. ஒரு நாளை ஏத்தாப்பூருக்கு ஒதுக்கி, குளவி துளையிட்டு வெளியேறிய மாவுப்பூச்சியின் கூட்டை உருப்பெருக்கியில் பார்க்க வைப்பதற்கு அந்தப் பாடத்திட்டமே போதும்.