தவறிப் பிறந்ததா அந்தத் தின்பண்டம்?

புதுமைகளுக்குப் பின்னே ஒரு தற்செயலைத் தேடுவது மனித இயல்பு. அப்புதுமை சமையலறையில், அதுவும் ஒரு பெண்ணின் கையால் தோன்றியதெனில், அந்த நாட்டம் மேலும் வலுப்பெறுகிறது. நாம் பிஸ்கட் என்று வழங்கும் தின்பண்டத்தை அமெரிக்க மக்கள் ‘குக்கீ’ என்பர். அவற்றுள் சாக்லேட் துண்டுகள் பதித்த ‘சாக்லேட் சிப் குக்கீ’யின் வரலாறு இதற்கு ஒரு சான்று.

பரவலாக வழங்கும் கதை இது: மாசசூசெட்ஸ் மாநிலத்தின் விட்மன் என்னும் சிற்றூரில் ‘டோல் ஹவுஸ்’ உணவு விடுதியை நடத்திவந்த ரூத் வேக்ஃபீல்டு, ஒரு நாள் சாக்லேட் பிஸ்கட் செய்ய முற்பட்டாராம். சமையலுக்குரிய சாக்லேட் தீர்ந்துபோகவே, கைக்குக் கிட்டிய வேறொரு சாக்லேட் கட்டியை உடைத்து மாவில் இட்டாராம். அது உருகிப் பரவும் என்று அவர் எண்ணியிருக்க, துண்டுகள் உருக்குலையாமல் நின்றனவாம்.

ஆனால், ரூத் யார் என்று அறிந்தபின் இக்கதையை நம்புவது அரிது. அவர் 1924-ஆம் ஆண்டில் ஃபிரேமிங்காம் கல்லூரியில் மனையியல் கல்வியை முடித்தவர், உணவியலாளராகப் பணியாற்றியவர், 1930-இல் கணவர் கென்னத்துடன் அவ்விடுதியைத் தொடங்கியவர். சாக்லேட்டின் தன்மையை அறியாதவராக அவர் இருந்திருக்க முடியாது. ஐஸ்கிரீமுடன் மெல்லிய பிஸ்கட் ஒன்றைப் பரிமாறி வந்ததாகவும், விருந்தினர்க்குப் புதியதொன்றைத் தர விரும்பியே இதனை முயன்றதாகவும் அவரே பிற்காலத்தில் கூறினார். விடுதியின் அடுமனையில் பணிபுரிந்த சூ பிரைட்ஸ் அவருக்குத் துணைநின்றார். 1938-இல் வெளிவந்த ரூத்தின் சமையல் நூற்பதிப்பில் அச்செய்முறை இடம்பெற்றது.

மறு ஆண்டே, அதனைச் சாக்லேட் உறையில் அச்சிடும் உரிமையை நெஸ்லே நிறுவனத்திற்கு அவர் வழங்கினார். அதற்கு ஈடாக ஒரு டாலர் பேசப்பட்டது என்பர். பின்னர், உடைக்கும் வேலையின்றிப் பயன்படுத்தத்தக்க சிறு துண்டுகளாகச் சாக்லேட் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, மாசசூசெட்ஸ் வீரர்கள் வீட்டிலிருந்து வந்த பொட்டலங்களைத் தோழர்களுடன் பகிர்ந்துகொள்ள, பிற மாநிலத்தாரும் அப்பண்டத்தைக் கேட்டு வீட்டிற்கு மடல் எழுதலாயினர்.

உறையில் அச்சாகி எல்லார் கைக்கும் எட்டிய அச்செய்முறையை ஒவ்வொரு குடும்பமும் தன் சுவைக்கேற்ப மாற்றிக்கொண்டது. ஒருவர் அக்ரூட் பருப்பைச் சேர்த்தார். மற்றொருவர் ஓட்ஸைக் கலந்தார். வேறொருவர் வேர்க்கடலை வெண்ணெயை விரும்பினார். வெள்ளைச் சாக்லேட்டும் மக்கடமியா பருப்பும் இணைந்த வகையும் உண்டு. வெள்ளைச் சர்க்கரை மிகுந்தால் மொறுமொறுப்பாகும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் பழுப்புச் சர்க்கரை மிகுந்தால் மென்மையாகும். வெண்ணெயை உருக்கிச் சேர்த்தால் தட்டையாகப் பரவும். பிசைந்த மாவை ஓரிரவு குளிரில் வைத்தால் மாவு ஈரத்தை உறிஞ்சி, வேகும்போது நிறமும் மணமும் கூடும். இவற்றுள் எதுவும் தானாக நேர்வதன்று. அளந்தும், சுட்டும், சுவைத்தும், மீண்டும் அளந்தும் பெற்ற அறிவு இது.

1975-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாலி ஏமஸ் என்ற கறுப்பின அமெரிக்கர் இப்பண்டத்திற்கெனவே கடை திறந்து புகழ்பெற்றார். சிறுவயதில் தம் அத்தையின் வீட்டில் உண்ட சுவையே அவருக்கு வழிகாட்டிற்று. பின்னாளில் நிறுவனம் கைமாறியது. தம் பெயரைத் தாம் செய்யும் பண்டத்திற்கே சூட்ட இயலாத நிலைக்கும் அவர் ஆளானார்.

1977-இல் ரூத் மறைந்தார். 1984-ஆம் ஆண்டின் இறுதி இரவில் அந்த விடுதி தீக்கிரையாயிற்று. 1997-இல் மாசசூசெட்ஸ் அரசு இதனைத் தன் மாநில குக்கீயாக அறிவித்தது. எனினும் தற்செயல் கதை இன்றும் மறையவில்லை. காரணம் எளிது: தற்செயலுக்கு நாம் எவருக்கும் நன்றி கூற வேண்டுவதில்லை, உழைப்புக்கோ கூற வேண்டும்.

நம் இல்லங்களிலும் ‘அம்மாவின் கைப்பக்குவம்’ என்ற ஒரு சொல்லில், ஆண்டுக்கணக்கான பயிற்சியையும் கவனத்தையும் அடக்கிவிடுகிறோம். அடுத்தமுறை உண்ணும்போது, இதை எப்படிச் செய்தீர்கள் என்று அவரிடம் கேட்டு, அவர் சொல்வதைப் பொறுமையாகச் செவிமடுப்போம்.