குளிர் தேடி வந்தோரும் கூலி தேடி வந்தோரும்

பங்குனி பிறந்து, பனி இளகத் தொடங்கினாலும் சரிவுகள் இன்னும் வெண்மை மாறாதிருக்கும் சில வாரங்களில், வார இறுதி இரண்டு நாளைப் பனிச்சறுக்கில் கழிப்பதற்கென்று ஐரோப்பாவின் மலைப்பட்டணங்களை நோக்கிப் புறப்படுகிறவர்களுக்கு எல்லாவற்றுக்கும் முந்திய கவலை, இரவு தலைசாய்க்க ஓர் அறை அகப்படுமா என்பதே. சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் விடுதி நடத்திய யோகான்னஸ் பாட்ருட் என்பவர், 1864-ஆம் ஆண்டுக் கோடையில் தம்மிடம் தங்கியிருந்த ஆங்கில விருந்தினர் சிலரை மாரிக்காலத்திலும் வந்து பார்க்கும்படி அழைத்து, பிடிக்காவிட்டால் வழிச்செலவு தம் பொறுப்பு என்று பந்தயம் கட்டியதாகவும், வந்தவர்கள் ஈஸ்டர் வரை ஊர் திரும்பவில்லை என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதையில் மெய் எவ்வளவாயினும், மலையேறித் தங்குவதை ஒரு நாகரிகமாக ஆக்கியதில் பெரும்பங்கு ஆங்கிலேயருக்கு உண்டு. அவ்வழக்கத்தைத் தாம் ஆண்ட உஷ்ணப் பிரதேசங்களுக்கெல்லாம் அவர்கள் உடன்கொண்டு சென்றார்கள். பனி இல்லாத இடத்தில் குளிரோடு திருப்தி கொண்டார்கள்.

மலாயாவில் பனிக்கு வழியில்லை. பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில் அமைந்த தானா ராத்தாவில் 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி பதிவான 7.8 பாகை செல்சியஸ்தான் மலேசியாவிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை என்று வானிலைக் குறிப்புகள் சொல்கின்றன. உதகமண்டலத்தில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளி மீது உறைபனி படர்வதைக் கண்ட தமிழனுக்கு இது ஒரு குளிரா என்று தோன்றலாம். ஆனால் ஈயச் சுரங்கங்களிலும் ரப்பர் என்னும் பால்மரக் காடுகளிலும் ஆண்டு முழுவதும் வியர்வையில் நனைந்து, நான்கைந்து ஆண்டுகளுக்கொரு முறை கிடைக்கும் நீண்ட விடுப்புக்காகக் கப்பலை எதிர்பார்த்திருந்த வெள்ளைக்கார உத்தியோகஸ்தனுக்கு, இரவில் கம்பளி தேவைப்படுகிற ஓரிடம் ஒருநாள் பிரயாணத்தில் கிடைக்கிறதென்பது சாமானிய விஷயமன்று.

நீலகிரியில் 1820-களின் தொடக்கத்தில் ஜான் சல்லிவன் வீடு கட்டியதிலிருந்து தொடங்கிய இம்மோகம் மலாயாவுக்குப் புதிதன்று. பினாங்கின் கொடிமலையில் பங்களாக்கள் முன்பே எழுந்திருந்தன. தைப்பிங் நகருக்கு மேலே மாக்ஸ்வெல் மலை இருந்தது. 1922-இல் பிரேசர் மலையும் விருந்தினருக்குத் திறந்துவிடப்பட்டது. பிரேசர் மலைக்குப் போகும் கடைசி ஐந்து மைல் பாதை மிகக் குறுகலானது. ஒரு மணி நேரம் ஏறுகிற வண்டிகளுக்கும், மறு மணி நேரம் இறங்குகிற வண்டிகளுக்கும் அதனை முறைவைத்து விட்டார்கள். நேரம் தப்பியவர்கள் காத்திருப்பதற்காகவே அடிவாரக் கணவாயில் ஒரு ரெஸ்ட் ஹவுஸ் இருந்தது. நம்முடைய பெருவழிகளில் மன்னரும் தனவந்தரும் புண்ணியத்துக்கென்று சத்திரம் கட்டினார்கள். சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரத்தில் பசித்து வந்தவனுக்குச் சோறும் கிடைத்தது. மலாயா அரசாங்கத்தின் ரெஸ்ட் ஹவுஸோ உத்தியோகப் பிரயாணத்தின் சௌகரியத்துக்காகப் பிறந்தது. இடம் கொடுப்பதிலும் முதல் பாத்தியதை உத்தியோகஸ்தனுக்கே.

தானா ராத்தா அமைந்த கேமரன் மலையின் கதைக்கு வருவோம். அரசாங்க நில அளவையாளரான வில்லியம் கேமரன் 1885-இல் இந்தப் பீடபூமியைக் கண்டு அறிக்கை எழுதினார். மறு ஆண்டே அவர் மாண்டுபோக, அவர் வரைந்த படமும் காணாமற்போயிற்று. பழங்குடியினரான செமாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் நடமாடிக்கொண்டிருந்தபோதிலும், அரசாங்கக் கோப்புகளைப் பொறுத்தவரை மலை மீண்டும் மறைந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1925-இல், கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலாளர் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் அங்கு சென்றார். இலங்கையின் நுவரெலியாவையும் பிலிப்பைன் தீவுகளின் பாகியோவையும் பார்த்திருந்த அவருடைய கண்ணுக்கு, ஓய்வூரும் விவசாயமும் ஒருங்கே வளரத் தக்க இடமாக அது தோன்றிற்று. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குக் காட்டைக் குடைந்து, வளைவுக்குமேல் வளைவாக, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளச் சாலை ஏறிவந்து 1930-களின் தொடக்கத்தில் மலைக்கு வந்து சேர்ந்தது. சாலை வந்த பிறகுதான் வார இறுதி என்ற சொல்லுக்கே அந்த மலையில் அர்த்தம் உண்டாயிற்று.

அந்தச் சாலை முற்றுப்பெறுமுன்பே தேயிலையும் வந்துவிட்டது. கோலாலம்பூரில் வளர்ந்து, ஈயத்திலும் பத்து ஆராங் நிலக்கரியிலும் பொருளீட்டிய ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல், உலக வர்த்தகமே சரிந்து விழுந்த 1929-ஆம் ஆண்டில், இலங்கைத் தோட்டங்களில் அனுபவம் பெற்ற மில்ன் என்பவரைத் துணைக்கொண்டு போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கோவேறு கழுதைகளையும் ஒரு பழைய சாலை உருளை யந்திரத்தையும் கொண்டு மலைச்சரிவுகள் திருத்தப்பட்டன என்று கம்பெனியின் வரலாறு பெருமையோடு கூறும். அந்தப் பட்டியலில் கழுதைக்கும் யந்திரத்துக்கும் நடுவே மனிதர்களும் நின்றார்கள். ரஸ்ஸல் தம் தோட்டத்தின் செழிப்பைக் காணாமலே 1933-இல் காலமானார். அதே ஆண்டில் பாரத் தேயிலைத் தோட்டமும் தோன்றிற்று. வடக்கே புளூ வேலியில் இன்னொன்று வளர்ந்தது.

காட்டை வெட்டியவர்களிலும், கன்று நட்டவர்களிலும், கொழுந்து பறித்தவர்களிலும் பெரும்பான்மையோர் தமிழர்கள். மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளியின் பிரயாணமும் ஒரு வகையில் தங்குமிடங்களின் வரிசையாகவே இருந்தது. திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காடு ஜில்லாக்களின் கிராமங்களிலிருந்து ஆள்திரட்டும் கங்காணியோடு புறப்பட்டு, ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ டிப்போவில் சில நாள்; பிறகு ரஜூலா போன்ற கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்துச் சில நாள்; பினாங்குக்கு எதிரே ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் சில நாள்; இறுதியில் தோட்டத்து வரிசைவீடான லயம். இவற்றில் எதையும் அவன் தேர்ந்துகொள்ளவில்லை. அறை இருக்கிறதா என்று கேட்டதுமில்லை. தோட்டத்தில் வீடும் வைத்தியமும் முதலாளியின் பொறுப்பென்று தொழிலாளர் சட்டம் விதித்திருந்தபடியால், கூரை அவனுடைய கூலியின் ஓர் அங்கமாயிற்று. பெயர் செக்குரோல் என்னும் ஆள்பதிவேட்டில் இருக்கும்வரை வீடு உண்டு. பெயர் அடிபட்டால் வீடும் போயிற்று.

மலை லயத்துக்குத் தாழ்நாட்டு லயத்தில் இல்லாத ஒரு துன்பம் உண்டு. பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக வரிசையாய் இழுத்துக் கட்டிய அந்த அறைகள் வெயில் நாட்டுக்கென்று வகுத்தவை. இங்கோ விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் புறப்படுகையில் மூடுபனி வாசலில் நிற்கும், தகரத்தின் உட்புறத்தில் நீர் முத்துமுத்தாய்க் கோத்துச் சொட்டும். இடுப்பில் சாக்கும் தலையில் முண்டாசுமாகக் கூடை சுமந்து போன பெண்கள் மாலையில் ஈரத்தோடு திரும்பினால், மறுநாள் உடுத்துவதற்கு அதே துணியை அடுப்பின்மேல் கயிறு கட்டி உலர்த்தவேண்டும். அறை முழுவதும் விறகுப் புகையும் ஈரக் கம்பளியின் வாடையும் கலந்து நிற்கும். மலைமேலிருந்த பங்களாக்களிலும் நெருப்பு மூட்டினார்கள். அது பிரம்பு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, தாய்நாட்டை நினைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பதற்கான நெருப்பு.

அந்நெருப்புக்குப் பேர்போன இடம், கோல்ஃப் மைதானத்துக்கு அருகே 1937-இல் திறக்கப்பட்ட ஸ்மோக்ஹவுஸ் விடுதி. வெள்ளைச் சுவரில் கறுத்த மரச்சட்டங்கள் தெரிய, இங்கிலாந்தின் பழைய கிராமச் சாவடியைப் பெயர்த்துவந்து வைத்ததுபோல் அதனைக் கட்டியிருந்தார்கள். ரோஜாத் தோட்டமும் மாலைத் தேநீரும் அதனோடு சேர்ந்தவை. கோலாலம்பூரிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ சனிக்கிழமை காரில் ஏறிவந்து, ஞாயிறு மாலை இறங்கிப்போகிற துரைமார்களுக்கு இரண்டு நாள் இங்கிலாந்தில் இருந்துவந்த மனநிறைவை விற்பதுதான் அங்கு நடந்த வியாபாரம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பிறந்த மண்ணின் சாயலைத் தேடுவது எல்லா மனிதருக்கும் இயல்பு. லயத்தின் கோடியில் வேப்பமரம் வளராத குளிரில் தமிழர்கள் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பியதும் அந்த இயல்பினால்தான்.

ஆனால் அதே 1937-இல்தான், இந்திய அரசாங்கத்தின் சார்பில் மலாயா வந்து தொழிலாளர் நிலையை விசாரித்த மகாகனம் ஸ்ரீநிவாச சாஸ்திரியாரின் அறிக்கை வெளிவந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். சாஸ்திரியாரின் தீர்ப்பு மிதமானது. ஆட்கள் வருவதை நிறுத்தவேண்டுமென்று அவர் சொல்லவில்லை. எனினும் கூலித் தகராறு முற்றியதால், 1938 ஜூன் மாதத்தில் இந்திய அரசாங்கமே உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்துவிட்டது. வந்துபோய்க்கொண்டிருந்த தொழிலாளி அதன்பின் நிலைக்குடியானான். வந்தவன் தங்கிவிட்டான் என்பதை லயத்தின் சுவர்கள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அவை தற்காலிகக் கட்டிடமாகவே நின்றன.

ஜப்பானியர் ஆட்சி விடுதிகளைக் காலிசெய்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைச் சயாம் ரயில் பாதைக்கு வாரிச் சென்றது. பின்வந்த கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியின் அவசரகாலத்தில், 1948 முதல் 1960 வரை, மலைப்பாதை என்றாலே அச்சம். வார இறுதி ஓய்வுக்குப் பிரேசர் மலைக்குக் காரில் ஏறிக்கொண்டிருந்த ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி, 1951 அக்டோபர் 6-ஆம் தேதி சனிக்கிழமையன்று கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். காட்டோரம் பயிரிட்ட சீனர்களை அரசாங்கத்தின் பிரிக்ஸ் திட்டம் புதுக்கிராமங்களுக்குள் கூட்டிச் சேர்த்தது. தோட்டத்து லயங்களும் முள்வேலிக்குள் வந்தன. இரவு தங்குமிடத்தைச் சுற்றி வேலி போடுவது பாதுகாப்புக்கென்றார்கள். உள்ளே இருந்தவனுக்கு அது வாயிற்காவலாகவும் இருந்தது.

வேலிகள் போன பிறகு கேமரன் மலையை உலகமறியச் செய்தது ஒரு வசந்தகால வார இறுதிதான். தாய்லாந்துப் பட்டுக்கு உலகப் புகழ் தேடித்தந்த அமெரிக்கர் ஜிம் தாம்ப்சன், 1967-இல் ஈஸ்டர் விடுமுறைக்கு நண்பர்களின் மூன்லைட் பங்களாவில் வந்து தங்கினார். மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. பிற்பகலில் மற்றவர்கள் கண்ணயர்ந்திருந்த வேளையில், சிகரெட்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல் நடக்கக் கிளம்பியவர் திரும்பவேயில்லை. போலீசாரும் சிப்பாய்களும் பழங்குடித் தடமறிவோரும் காட்டைச் சலித்தார்கள், ஞானதிருஷ்டி உடையவரென்று பெயர்பெற்ற ஒருவரும் வரவழைக்கப்பட்டார், சுவடு கிட்டவில்லை. மர்மம் துலங்காததால் மலைக்கு நஷ்டமில்லை. அந்தப் பங்களாவின் பெயரைச் சொல்லியே விருந்தினர் வந்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் விருந்தினரின் நிறம் மாறிற்று. கம்பெனிகளும் வங்கிகளும் வெள்ளை உத்தியோகஸ்தருக்கென்று வைத்திருந்த பங்களாக்களில் உள்நாட்டினர் குடும்பத்தோடு தங்கினார்கள். தானா ராத்தாவுக்கு அடுத்த பிரிஞ்சாங்கில் அடுக்குமாடி விடுதிகள் முளைத்தன. பள்ளி விடுமுறையில் இன்று தாப்பாச் சாலையிலும் சிம்பாங் பூலாய்ச் சாலையிலும் ஊரும் கார்களில் கணிசமானவை தமிழ்க் குடும்பங்களுடையவை. அவர்களில் லயத்தில் பிறந்தவர்களும் உண்டு. தானா ராத்தா விடுதியில் அறை எடுத்து, காலையில் கடைத்தெருவில் தோசை தின்று, ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு, பேரப்பிள்ளைகளுக்குத் தோட்டத்தைக் காட்டப் போகிறார்கள். பிறந்த வீட்டில் வேறு ஒருவர் குடியிருக்கிறார், அல்லது வீடே இல்லை. ஓய்வுபெற்றவுடன் தோட்ட வீட்டைக் காலிசெய்ய நேர்ந்த தொழிலாளருக்குச் சொந்தக் கூரை வேண்டுமென்ற வழக்கு நாடு முழுவதும் இன்னும் தீராதது.

இப்போது அந்தச் சரிவுகளில் கொழுந்து வெட்டுகிற கைகளில் பல வங்காள தேசத்தையும் நேபாளத்தையும் இந்தோனேசியாவையும் சேர்ந்தவை. கூடையில் கிள்ளிப் போடுவது குறைந்து, கத்தரியும் யந்திரமும் வந்துவிட்டன. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் விதித்த 1990-ஆம் ஆண்டுச் சட்டம், 2019-இல் திருத்தப்பட்டு மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. ஆகவே மலையில் காய்கறிப் பண்ணை வைத்திருப்பவரும் தம் ஆட்களுக்கு எத்தனை பேருக்கு எவ்வளவு இடம், எத்தனை கழிப்பறை என்று கணக்குக் காட்டவேண்டியவராகிறார். நூறாண்டுக்கு முன் தமிழனுக்காக எழுதத் தொடங்கிய அந்த விதிகளின் பெரும்பகுதியை இன்று வேறு மொழி பேசுகிறவன் கேட்டுப் பெறுகிறான், அல்லது கேட்கத் தெரியாமல் விட்டுவிடுகிறான்.