ஜூனோவின் காசும் அம்மம்மாவின் காசும்

ஸ்காபரோவில் எங்கள் வீட்டில் ஒரு ஐந்து சதம் கீழே விழுந்து, தெரியாமல் அதில் கால் பட்டாலும் அம்மம்மா விடமாட்டா. "தொட்டுக் கும்பிடு பிள்ளை, அது லட்சுமி." சின்ன வயதில் எனக்கு இது விளங்கவே இல்லை. காசின் ஒரு பக்கம் எலிசபெத் மகாராணி, மறுபக்கம் பீவர். லட்சுமி எங்கே?

பாதிப் பதில் ரோமில் இருந்தது. ரோமர்களின் தெய்வங்களுக்கு அரசன் ஜூப்பிட்டர். அவன் மனைவி ஜூனோ. முருகனைப் போல அவளுக்கும் கன பெயர்கள். அதில் ஒன்று மொனேட்டா. கி.மு. 344இல் ரோமின் கப்பிட்டோலின் குன்றில் ஜூனோ மொனேட்டாவுக்கு ஒரு கோயில் எழும்பியது. பிறகு அந்தக் கோயிலடியிலேயே நாணயசாலையும் வந்தது. ஆட்கள் நாணயசாலையையும் மொனேட்டா என்றே சொல்லத் தொடங்கினார்கள். போகப்போக அங்கே அடித்த காசுக்கும் அதுவே பெயர். "நல்லூருக்குப் போறம்" என்று அம்மம்மா சொன்னால் கந்தசுவாமி கோயிலைத்தான் சொல்கிறா; ஊரின் பெயர் கோயிலுக்கு வந்துவிட்டது. ரோமில் கோயிலின் பெயர் காசுக்குப் போய்விட்டது.

அந்தச் சொல் பிரெஞ்சில் மொனே ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்தில் மணி ஆனது. ஸ்பானிய மொழியில் மொனேதா. அதே லத்தீன் சொல் இன்னும் முந்தியே ஜெர்மானிய மொழிகளுக்குள் புகுந்து, நாணயசாலையைக் குறிக்கும் மின்ட் என்ற ஆங்கிலச் சொல்லையும் தந்தது. (சட்னியில் போடுகிற மின்ட் வேறு குடும்பம்.) ஒட்டாவாவில் 1908இல் திறந்த நாணயசாலையின் பிரெஞ்சுப் பெயரைப் பாருங்கள்: மொனே ரோயால் கனடியென். நாங்கள் பாடசாலையில் பிரெஞ்சு படித்த வருடமெல்லாம் ஒரு தெய்வத்தின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மொனேட்டா என்றால் என்ன பொருள்? பூமி அதிர்ந்தபோது ஜூனோவின் கோயிலிலிருந்து ஒரு குரல் எச்சரித்தது என்ற கதையை சிசரோ சொல்கிறார். எச்சரி என்பதற்கு லத்தீனில் மொனேரே. மொனிட்டர், மொன்ஸ்டர் இரண்டும் அந்த வேரில் பிறந்தவை. ஆனால் மொனேட்டாவும் அதே வேர்தானா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒற்றுமை இல்லை. எனக்குப் பிடித்தது கி.மு. 46இல் வந்த ஒரு வெள்ளிக்காசு. ஒரு பக்கம் மொனேட்டாவின் முகம். மறுபக்கம் பட்டடை, குறடு, சுத்தியல். தெய்வத்தையும் தொழிலாளியின் சாமானையும் ஒரே காசில் போட்டிருக்கிறார்கள்.

இப்போது என் வெட்கக் கதை. பதினோராம் வகுப்பில் எழும்பி நின்று, "கேஷ் என்ற ஆங்கிலச் சொல் எங்கள் காசிலிருந்து வந்தது" என்று பெருமையாகச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. ஆசிரியர் அகராதியைத் திறந்து காட்டினார். கடையில் நாங்கள் கொடுக்கிற கேஷ், லத்தீனில் பெட்டி என்று பொருள்படும் கப்சாவிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் காசுப்பெட்டி, பிறகு பெட்டிக்குள் இருந்த காசு. எனக்கு முகமெல்லாம் சூடு.

ஆனால் அந்த அகராதியில் கொஞ்சம் கீழே இன்னொரு கேஷ் இருந்தது! இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சின்னச் செப்புக்காசுகளை ஆங்கிலேயர் கேஷ் என்றார்கள். அது தமிழ்க் காசுதான். போர்த்துக்கீசர் வாய்வழியாகப் போனது. நடுவில் ஓட்டை போட்ட சீனக் காசுக்குத் தமிழ்ப் பெயர்! நான் சொன்னது பாதி பிழை, பாதி சரி. அந்த மற்றப் பாதியை அன்றைக்கு வாசிக்காமல் விட்டதுதான் இன்னும் மனதில் கிடக்கிறது.

ரோமக் காசுகளும் எங்கள் பக்கம் வந்திருக்கின்றன. கரூர், கோயம்புத்தூர்ப் பக்கம் பொன்னும் வெள்ளியுமாக. இலங்கையில் பெரும்பாலும் பிந்திய காலத்துச் செப்புக்காசுகள். யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் கிடைத்தன. அங்கே இன்னொன்றும் கிடைத்தது: நீள்சதுரமான சின்ன உலோகத் தகடுகள், ஒரு பக்கம் யானைகள் நீராட்ட நிற்கும் லட்சுமி. லட்சுமித் தகடு என்பார்கள். காசாகப் புழங்கியதா, தாயத்தா என்று இன்னும் வாதம் நடக்கிறது.

அந்தத் தகட்டின் படத்தைப் போனில் பெரிதாக்கி அம்மம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா. விரலால் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினா. படம் நகர்ந்து என் பேரங்காடிப் பற்றுச்சீட்டு வந்துவிட்டது.

"எங்கை போட்டா? திருப்பி எடு பிள்ளை."