பூட்டைத் திறந்தவர் குற்றவாளியா?

கள்வருக்கு அஞ்சியே மனிதன் பூட்டைப் படைத்தான். ஆயினும் களவு எண்ணம் சிறிதுமின்றி, பூட்டைத் திறந்து பார்ப்பதையே இன்பமாகக் கொண்டவர்களும் வரலாற்றில் உண்டு. அவர்களுக்குப் பூட்டு என்பது இரும்பில் அமைந்த விடுகதை. அதை விடுவித்த கணமே அவர்களுடைய ஆசை தீர்ந்துவிடும். உள்ளே இருக்கும் பொருளை அவர்கள் நாடுவதில்லை. இத்தகையோரை உலகம் எவ்வாறு நடத்தியது என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் காண்போம்.

முதலாவது, 1851ஆம் ஆண்டு இலண்டனில் நடந்தது. அங்கே பெரும் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. அதற்கு வந்திருந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ், இங்கிலாந்தின் சிறந்த பூட்டுகளைத் தம்மால் திறக்க முடியும் என்று அறிவித்தார். சப் என்பாரின் பூட்டு அந்நாளில் புகழ் பெற்றது. அந்நியர் எவரேனும் கை வைத்தால் அது இறுகிக்கொண்டு, உரியவருக்குச் செய்தியை உணர்த்தும். சாட்சிகள் முன்னிலையில் ஹாப்ஸ் அதனை 25 நிமிடங்களில் திறந்தார். அடுத்து, பிராமா என்பாரின் பூட்டை எடுத்துக்கொண்டார். திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்புடன் அப்பூட்டு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கடையின் சாளரத்தில் வீற்றிருந்தது. பதினாறு நாட்களில், ஐம்பது மணி நேரத்துக்குச் சற்று மேல் உழைத்து அதனையும் ஹாப்ஸ் திறந்தார், பரிசும் பெற்றார்.

நாட்டில் பெரும் கலக்கம் எழுந்தது. இக்குறைகளை வெளியிடுவது கள்வருக்குப் பாடம் நடத்துவது ஆகாதா என்று பலர் வினவினர். 1853இல் இலண்டனில் வெளிவந்த பூட்டு நூல் ஒன்று இதற்கு விடை கூறிற்று. கள்வர் தம் தொழிலை முன்னரே நன்கு கற்றிருக்கின்றனர். குறையை அறியாது ஏமாந்திருப்போர் நல்லவர்களே. ஆதலின் உண்மையை வெளியிடுவதே நன்மை என்பது அதன் கருத்து. பூட்டுச் செய்வோரும் தம் பூட்டுகளைத் திருத்த முற்பட்டனர்.

இரண்டாவது நிகழ்ச்சி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் லாஸ் அலமோஸ் என்னும் மலையிடத்தில் அணுகுண்டு ஆராய்ச்சி மறைவாக நடந்துவந்தது. 1943இல் அங்குச் சென்றவர்களுள் ரிச்சர்ட் ஃபைன்மன் என்னும் இளம் பௌதிக அறிஞரும் ஒருவர். 1965இல் நோபல் பரிசு பெற்றவர் அவரே. ஊரை விட்டு ஒதுங்கிய அவ்விடத்தில், பூட்டுத் திறத்தலை அவர் பொழுதுபோக்காகக் கொண்டார்.

தொடக்கத்தில் அங்கே இரகசியத் தாள்களைக் காத்தவை சாதாரணத் தொங்கு பூட்டுகள். ஃபைன்மன் அவற்றை எளிதில் திறந்து காட்டினார். பின்னர் எண்பூட்டு அமைந்த இரும்புப் பெட்டகங்கள் வந்தன. அவற்றின் முகப்பில் நூறு கோடுகள் பொறித்த வட்டு இருக்கும். உள்ளே மூன்று சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம். வட்டை உரிய மூன்று எண்களுக்கு முறையே திருப்பினால் பள்ளங்கள் ஒரே வரிசையில் நிற்கும்; தாழ் விலகும். கணக்குப்படி பத்து இலட்சம் சேர்க்கைகள் உண்டு. எவர் முயன்று முடிப்பர்?

ஃபைன்மன் பொறுமையாகச் சோதித்தார். உரிய எண்ணுக்கு இரண்டு முன்னோ பின்னோ நின்றாலும் பூட்டு திறப்பதைக் கண்டார். அவ்வாறாயின் ஐந்து எண்கள் ஓர் எண்ணுக்குச் சமம். நூறு என்பது இருபதாகச் சுருங்குகிறது. பத்து இலட்சம் எண்ணாயிரமாகிவிடுகிறது. மேலும், திறந்திருக்கும் பெட்டகத்தின் வட்டைச் சற்றுத் திருப்பித் தாழின் அசைவைக் கவனித்தால் கடைசி இரண்டு எண்களும் புலப்படும். நண்பர்களின் அறையில் பேசிக்கொண்டே, கை வேறெதையோ செய்வதுபோல, அவற்றை அறிந்து குறித்துக்கொள்வார். எஞ்சுவது முதல் எண்ணுக்குரிய இருபது முயற்சிகளே.

சில வேளை அதுவும் வேண்டியதில்லை. போர் முடிந்தபின் ஒரு நாள், அறிக்கை ஒன்று தேவைப்பட்டது. அணுகுண்டு ஆராய்ச்சியின் அறிக்கைகளெல்லாம் அடங்கிய ஒன்பது பெட்டகங்கள் நண்பர் ஒருவரின் பொறுப்பில் இருந்தன. அவரோ வெளியே சென்றிருந்தார். கணித அறிவுடையோர் எவ்வெண்ணைத் தேர்வர் என்று ஃபைன்மன் சிந்தித்தார். வட்டத்தின் விகித எண்ணாகிய 31, 41, 59 பயன்படவில்லை. இயற்கை மடக்கையின் அடியெண்ணாகிய 27, 18, 28 என்று திருப்பினார்; பெட்டகம் திறந்தது! அதே எண்கள் அடுத்ததையும் திறந்தன. விளையாட்டாக அவர் உள்ளே வைத்த சீட்டுகளைக் கண்ட நண்பர் வெளிறிப் போனார்.

ஓக் ரிட்ஜ் என்னுமிடத்தில் கர்னல் ஒருவரின் பெரிய பெட்டகத்தையும் ஃபைன்மன் திறந்து காட்டி, பணி செய்யும்போது பெட்டகங்களைத் திறந்து வைத்தல் ஆகாது என்று எச்சரித்தார். கர்னல் செய்தது யாது? ஃபைன்மன் எவருடைய அறைக்கு வந்திருந்தார் என்று விசாரித்து, அவர்களையெல்லாம் பூட்டின் எண்ணை மாற்றுமாறு பணித்தார். பெட்டகங்கள் முன்போலவே திறந்து கிடந்தன. அவர் கண்ணுக்கு ஆபத்தாகத் தோன்றியவர் ஃபைன்மனே!

ஹாப்ஸ் சுட்டிய குறையால் பூட்டு திருந்திற்று. ஃபைன்மன் சுட்டிய குறை, சுட்டியவர் மீதே ஐயமாகத் திரும்பிற்று. நம் பயணப் பெட்டியில் தொங்கும் சிறிய பூட்டில் மூன்று எண் சக்கரங்கள் இருப்பின், அதன் சேர்க்கைகள் ஆயிரமே. ஒன்றுக்கு மூன்று விநாடி எனக் கொண்டாலும் ஐம்பது நிமிடங்களில் எல்லாவற்றையும் முயன்றுவிடலாம். இதனைச் சொல்பவர் மீது சினங்கொள்வதால் பூட்டு வலுப்பெறாது. நம்முடைய பூட்டை ஓய்வு நேரத்தில் நாமே சோதித்து அதன் வலிமையை அறிவது, அறியாமல் நம்பியிருப்பதினும் நன்று. பிறர் பூட்டில் அவர் இசைவின்றிக் கை வைக்காத வரையில், இப்பொழுதுபோக்கில் இழுக்கு எதுவும் இல்லை.