உப்பு, தணல், ஒரு கொலை

அர்ஜெண்டினாவில் டிசம்பர் என்றால் கோடை. புது வருஷம் பிறக்கிற ராத்திரியில்கூட வியர்த்துக் கொட்டும். ஆனாலும் சொந்தபந்தம் கூடிவிட்டால் கொல்லைப்புறத்தில் நெருப்பு மூட்டிவிடுவார்கள். விறகு எரிந்து தணலாகும்வரை பொறுமையாகக் காத்திருந்து, இரும்புக் கம்பி வலைமேல் மாட்டிறைச்சியைப் பெரிய பெரிய துண்டாகப் போடவேண்டும். மசாலா? கிடையாது. வெறும் கல் உப்பு. மிச்சத்தை சிமிச்சுர்ரி பார்த்துக்கொள்ளும். பார்ஸ்லி, பூண்டு, ஆரிகனோ, கொஞ்சம் மிளகாய், வினிகர், எண்ணெய். நம்மூர் பச்சைச் சட்னிக்கு ஒன்றுவிட்ட தம்பி. வீட்டுக்கு வீடு அளவு மாறும். சுட்டுப் போட்டவருக்கு எல்லாரும் கைதட்டவேண்டும் என்பது சம்பிரதாயம். விருந்தின் பெயர் அசாதோ.

இந்த இறைச்சி ஒரு காலத்தில் குப்பை. நிஜமாகவே. ஸ்பானியர்கள் கொண்டுவந்த மாடுகள் பாம்பாஸ் புல்வெளியில் கணக்கில்லாமல் பெருகின. 18ம் நூற்றாண்டில் காசு, தோலுக்கு மட்டும்தான். கௌச்சோ என்கிற குதிரைக்கார மாட்டிடையர்கள் தோலை உரித்துக்கொண்டு, பிடித்த துண்டை அங்கேயே சுட்டுத் தின்றுவிட்டு, மிச்சத்தைக் கழுகுக்கு விட்டுப் போனார்கள். பிறகு உப்புக்கண்டம் போட ஆரம்பித்தார்கள். பிரேஸில், கியூபா தோட்டங்களில் இருந்த அடிமைகளுக்குச் சாப்பாடு.

1876 கிறிஸ்துமஸ் அன்று பிரான்ஸிலிருந்து ஒரு கப்பல் ப்யூனஸ் அயர்ஸ் வந்து சேர்ந்தது. உள்ளே குளிர்சாதன இயந்திரம். மூன்று மாதத்துக்கு முன் ஏற்றிய இறைச்சி அழுகாமல் இருந்தது. ருசி சுமார்தான். ஆனால் வியாபாரிக்கு ருசியா முக்கியம்? குப்பை அன்றைக்குச் சரக்காகிவிட்டது.

முதலில் பிரிட்டிஷ் கம்பெனிகள், அப்புறம் சிகாகோ கம்பெனிகள். லண்டன்காரர் தட்டில் அர்ஜெண்டினா மாடு. ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பிக் கடை போட்டால் என்ன ஆகும் என்பது 1930களில் தெரிந்தது. உலகப் பொருளாதாரம் படுத்துவிட, பிரிட்டன் தன் காலனி நாடுகளிடமே வாங்கப்போவதாகச் சொன்னது. அலறியடித்துக்கொண்டு ஓடிய அர்ஜெண்டினா அரசு, 1933 மே மாதம் ஓர் ஒப்பந்தம் போட்டது. பழைய அளவுக்கு பிரிட்டன் வாங்கும். பதிலுக்கு, ஏற்றுமதியில் 85 சதவிகிதம் வெளிநாட்டுக் கம்பெனிகள் கையில்.

சாண்டா ஃபே மாநில செனட்டர் லிசாந்த்ரோ தெ லா தோர்ரே இதைத் தோண்ட ஆரம்பித்தார். சின்னப் பண்ணைக்காரனுக்கு அடிமாட்டு விலை, கம்பெனிக்குக் கொள்ளை லாபம், மந்திரிகள் தயவில் வரி ஏய்ப்பு. ஆங்லோ என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் கணக்குப் புத்தகங்கள் எங்கே கிடைத்தன தெரியுமா? லண்டன் கிளம்பவிருந்த கப்பலில், 'கார்ன்டு பீஃப்' என்று எழுதிய பெட்டிகளுக்குள்!

1935 ஜூலை 23. செனட் சபையில் காரசாரமான விவாதம். தள்ளுமுள்ளு. தெ லா தோர்ரே கீழே விழுந்தார். அவரைக் காப்பாற்ற ஓடிவந்தார் சிஷ்யர் என்ஸோ போர்தாபெரே. ராமோன் வால்தேஸ் கோரா என்கிற முன்னாள் போலீஸ்காரன் சபைக்குள்ளேயே அவரைச் சுட்டான். போர்தாபெரே இறந்துபோனார். குறி அவரல்ல, தெ லா தோர்ரேதான் என்று இன்றுவரை பேசிக்கொள்கிறார்கள். சுட்டவன் சிறைக்குப் போனான். சொல்லி அனுப்பியவர்? யாரும் மாட்டவில்லை. மனம் உடைந்த தெ லா தோர்ரே, 1939 ஜனவரியில் தற்கொலை செய்துகொண்டார்.

மாடு யாருக்கு என்கிற சண்டை அதோடு ஓயவில்லை. உள்ளூரில் விலை ஏறுகிறது என்று 2006ல் அதிபர் நெஸ்தோர் கிர்ச்னர் 180 நாள் ஏற்றுமதியை நிறுத்தினார். நல்ல எண்ணம்தான். ஆனால் லாபமில்லாத மாட்டை எவன் வளர்ப்பான்? வறட்சியும் சேர்ந்துகொள்ள, சில வருஷங்களில் சுமார் ஒரு கோடி மாடுகள் குறைந்து, விலை முன்னைவிட எகிறியது. 2021ல் அடுத்த தடை. இந்த முறை கொஞ்சம் தளர்த்திவிட்டு, ஏழு வகைத் துண்டுகளை மட்டும் நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்றார்கள். கொல்லைப்புறத் தணலில் சுடுகிற விலா எலும்புத் துண்டும் அதில் ஒன்று.