ஏழே முக்கால் கிலோ

குளியலறை எடை மெஷினை இழுத்து வந்து கூடத்தில் போடுவதில் விளையாட்டு தொடங்குவது உண்டு. பிள்ளைகள் வரிசையாக நின்று தங்கள் மூட்டையை அதன் மேல் வைக்க வேண்டும். போர்வை, மாற்றுத் துணி, தட்டு, கரடி பொம்மை. 17 பவுண்டு, அதாவது சுமார் ஏழே முக்கால் கிலோ, அவ்வளவுதான் அனுமதி. தாண்டினால் ஏதாவது ஒன்றை வெளியே வைக்கணும். பொம்மையை வைப்பதா போர்வையை வைப்பதா என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும். பிறகு தோட்டத்தில் கிடக்கும் சின்ன இழுவண்டியில் மூட்டைகளை ஏற்றி, பெண் குழந்தைகளுக்கு முக்காட்டுத் தொப்பியும் பையன்களுக்கு வைக்கோல் தொப்பியும் மாட்டி, வீட்டைச் சுற்றியோ பக்கத்து மைதானம் வரையோ ஒரு ‘பயணம்’. நீலத் தார்ப்பாய் விரித்தால் அது ஆறு. மூடி இறுக்கிய பாட்டிலில் பாலேட்டை ஊற்றி நடந்துகொண்டே குலுக்கினால், போய்ச் சேர்வதற்குள் வெண்ணெய் திரண்டிருக்கும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலும் அதைச் சுற்றியும் மார்மன் சபைக் குடும்பங்கள் நடத்தும் விளையாட்டு இது. ஜூலை 24 யூட்டாவில் அரசு விடுமுறை. 1847-இல் அந்த நாளில்தான் சபைத் தலைவர் பிரிகாம் யங் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தை 1844-இல் ஒரு கும்பல் சிறைக்குள்ளேயே சுட்டுக் கொன்றது. இரண்டு ஆண்டு கழித்து, 1846 பிப்ரவரி குளிரில், இல்லினாய் மாநிலத்து நாவூ என்ற ஊரைவிட்டு அந்த மக்கள் கிளம்பினார்கள். அப்படிக் கிளம்பியவர்களிடம் இருந்தது மாட்டு வண்டி. பிள்ளைகள் இழுப்பது போன்ற கைவண்டி அல்ல.

கைவண்டி வந்தது பணத் தட்டுப்பாட்டால். இங்கிலாந்திலும் ஸ்காண்டிநேவியாவிலும் சபையில் சேர்ந்த ஏழைகள் ஆயிரக்கணக்கில் யூட்டா வரக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு மாடும் வண்டியும் வாங்கிக் கொடுக்கச் சபையின் நிதி தாங்கவில்லை. இரண்டு சக்கரம், ஒரு பெட்டி, முன்னால் பிடித்து இழுக்க ஒரு குறுக்குக் கட்டை. மாடு இழுப்பதை மனுஷன் இழுத்தால் போச்சு என்று யங் திட்டம் போட்டார். ரயில் அன்று அயோவா சிட்டியோடு நின்றுவிடும். அங்கிருந்து சால்ட் லேக் 2,000 கிலோமீட்டருக்கு மேல். ஐந்து பேருக்கு ஒரு வண்டி, இருபது பேருக்கு ஒரு கூடாரம், ஆளுக்கு 17 பவுண்டு. பிள்ளைகளின் எடை மெஷின் கணக்கு அங்கிருந்து வந்ததுதான்.

1856 ஜூனில் கிளம்பிய முதல் கூட்டம் செப்டம்பர் கடைசியில் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. கடைசியில் கிளம்பிய இரண்டு கூட்டங்கள்தான் மாட்டிக்கொண்டன. வில்லி தலைமையில் சுமார் 500 பேர், மார்ட்டின் தலைமையில் அதைவிடக் கொஞ்சம் அதிகம். அவர்கள் அயோவா சிட்டியில் வந்து இறங்கியபோது வண்டிகள் தயாராக இல்லை. அவசரமாகச் செய்ததெல்லாம் பச்சை மரம். வெயிலில் காய்ந்து சுருங்கி, ஆரக்கால்கள் ஆட்டம் கண்டன. மணல் புகுந்து அச்சை அரைத்தது. மை போட எண்ணெய் இல்லை. பன்றிக் கொழுப்பையும் சோப்பையும் தடவினார்கள், பழைய பூட்ஸ் தோலை வெட்டிச் சுற்றினார்கள். போதாததற்கு, நெப்ராஸ்காவின் புளோரன்ஸில் ஒவ்வொரு வண்டியிலும் ஏறக்குறைய 45 கிலோ மாவு மூட்டை வேறு ஏறியது.

அந்தப் புளோரன்ஸில் ஆகஸ்டு மாதம் வில்லியின் ஆட்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். மேலே போவதா, குளிர்காலத்தை இங்கேயே கழிப்பதா? ஏற்கெனவே யூட்டாவில் வாழ்ந்தவர் லெவி சாவேஜ். இந்தக் குழந்தைகுட்டிகளையும் வயசானவர்களையும் வைத்துக்கொண்டு இப்போது கிளம்பினால் பனியில் சாவு நிச்சயம் என்று கண்ணீரோடு சொன்னார். மற்றத் தலைவர்கள் கேட்கவில்லை. கடவுள் வழி விடுவார் என்றார்கள். சரி, அப்படியானால் நானும் உங்களோடுதான் வருவேன் என்று சாவேஜ் வண்டிகளோடு நடந்தார்.

அக்டோபரில் வயோமிங் மேட்டு நிலத்தில் பனி பிடித்துக்கொண்டது. மாவுப் படி குறைந்துகொண்டே வந்து கடைசியில் தீர்ந்தது. பனிக்கு முன்பே, அவர்கள் இன்னும் வழியில்தான் இருக்கிறார்கள் என்ற செய்தி சால்ட் லேக்கில் யங்குக்கு எட்டியதும், அக்டோபர் 5 அன்று சபைக் கூட்டத்தில் வேறு பேச்சே வேண்டாம், முதலில் போய் அவர்களைக் கொண்டு வாருங்கள் என்று மீட்பு வண்டிகளை அனுப்பினார். அதற்குப் பிறகும் நவம்பர் கடைசிவரை ஆனது எல்லோரும் வந்து சேர. இரண்டு கூட்டத்திலும் சேர்த்து இறந்தவர்கள் 200 பேருக்கு மேல்.

1847 முதல் 1868 வரை அந்தப் பாதையில் யூட்டா வந்த மார்மன்கள் சுமார் 70,000 பேர். கைவண்டி இழுத்தவர்கள் அதில் ஏறத்தாழ 3,000 பேர்தான். 1860-க்குப் பிறகு கைவண்டிக் கூட்டமே கிடையாது. ஆனால் கதையில் நின்றது அந்த 3,000 பேர். சால்ட் லேக் கோயில் வளாகத்தில் சிற்பி டோர்லீஃப் நாஃபஸ் செய்த வெண்கலச் சிலையிலும் கைவண்டி இழுக்கும் குடும்பம்தான்.

1997-இல் அந்த 1847 வருகையின் 150-ஆம் ஆண்டு வந்தது. நெப்ராஸ்காவிலிருந்து சால்ட் லேக் வரை வண்டி கட்டி நிஜமாகவே நடந்து காட்டினார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக அதுவரை நடந்துகொண்டிருந்த இளைஞர் ‘ட்ரெக்’ அதன் பிறகு ஊரூருக்குப் பரவியது. 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ‘அப்பா’, ‘அம்மா’ வைத்து, மூன்று நான்கு நாள் வண்டி இழுக்கவிடுவார்கள். நடுவில் ஒரு மேட்டில் பையன்களை ஒதுக்கிவிட்டுப் பெண்கள் மட்டும் இழுக்கும் கட்டம் ஒன்று வரும். 1846-இல் சுமார் 500 ஆண்கள் மெக்சிகோ போருக்குப் படையில் சேர்ந்து போனதற்காக என்று விளக்கம் சொல்வார்கள். போர் நடந்தபோது கைவண்டியே பிறக்கவில்லை, பத்து வருஷம் கழித்துத்தான் வந்தது. யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. மேட்டில் மூச்சு வாங்கும் பெண்ணுக்கு அந்தக் கணக்கு எதற்கு!

அக்காவும் அண்ணனும் புழுதியோடு திரும்பி வந்து அளக்கும் கதையைக் கேட்டால் வீட்டிலிருக்கும் சின்னதுகள் சும்மா இருக்குமா? வயது போதாது என்றால் அழுகை. அதற்குத்தான் இந்த வீட்டு ட்ரெக். பெரியவர்களுடையதில் இருக்கும் காய்ப்பும் களைப்பும் இதில் கிடையாது. முடிவில் சோள ரொட்டியும் குலுக்கி எடுத்த வெண்ணெயும் உண்டு.

எனக்கு இந்த விளையாட்டு பிடித்திருக்கிறது. ஏழே முக்கால் கிலோவுக்குள் ஒரு வாழ்க்கையை அடைக்கச் சொன்னால் வரலாறு பிள்ளைக்குக் கையில் கனக்கும். ஆனால் வண்டி போய்ச் சேர்ந்த இடம் காலி மனை போலவே விளையாட்டில் வருகிறது. யூட், ஷொஷோனி மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள். இன்னொரு குறை, தாங்கிக்கொள்வதை மட்டுமே பிள்ளைகள் நடிக்கிறார்கள். கிளம்பலாமா என்று கேட்ட அந்தக் கூட்டத்தை நடிப்பதில்லை. அடுத்த ஜூலையில் வண்டியில் மூட்டை ஏற்றுமுன் எல்லாரையும் வட்டமாக உட்கார வையுங்கள். லெவி சாவேஜ் வேடத்துக்கும் ஒரு பிள்ளையைப் பிடித்து நிறுத்துங்கள்.