வசனமின்றித் தொடங்கிய வில்லன்: லீ வான் கிளீஃப்

1952இல் வெளிவந்த ‘ஹை நூன்’ படத்தின் தொடக்கத்தில் பாறையொன்றின்மேல் அமர்ந்து ஒருவன் காத்திருக்கிறான். கதாநாயகன் கேரி கூப்பருக்கும் முன்பாகத் திரையில் தெரியும் முகம் அது. படம் முடியும்வரை அவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. லீ வான் கிளீஃப் நடித்த முதல் திரைப்படம் இதுவே.

1925இல் நியூஜெர்சி மாநிலத்தின் சாமர்வில் நகரில் பிறந்த அவர், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றியவர். பின்னர் கணக்கு வேலை, மாலையில் நாடகம். ‘மிஸ்டர் ராபர்ட்ஸ்’ நாடகத்தில் அவரைக் கண்ட தயாரிப்பாளர் ஸ்டான்லி கிரேமர், துணை மார்ஷல் வேடம் தர முன்வந்தார். ஆனால் கழுகு போன்ற மூக்கை அறுவைச் சிகிச்சையால் திருத்திக்கொள்ள வேண்டும் என்றார். வான் கிளீஃப் மறுத்துவிட்டார். அவ்வேடம் லாயிட் பிரிட்ஜஸுக்குச் சென்றது. மூக்கை மாற்றாதவருக்கு வாய் பேசாத அடியாள் வேடம் கிடைத்தது.

அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அதே வேடத்தின் மறுபதிப்புகளே. வில்லனுக்குப் பின்னால் நிற்பவர், முதலில் சுடப்படுபவர். ‘தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்’ (1962) படத்திலும் லீ மார்வினின் இரு கையாட்களில் ஒருவர்தான். ஜான் ஃபோர்டு போன்ற மேதையும் அம்முகத்தைப் பின்னணிக்கு மேல் கொண்டுவரவில்லை என்பது சற்று வியப்புக்குரியது. இதற்கிடையே 1958இல் நேர்ந்த கார் விபத்தில் முழங்கால் சிதைந்தது. குதிரையேற்றமே பிழைப்பாக இருந்த ஒருவருக்கு அது சிறிய இழப்பன்று. வாய்ப்புகள் அருகின, ஓவியம் தீட்டியும் வருவாய் தேடினார்.

இந்நிலையில்தான் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே அவரைத் தேடி வந்தார். ‘ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்’ (1965) படத்தின் கர்னல் மார்ட்டிமர் வேடம் வில்லன் வேடமே அன்று. தங்கையின் சாவுக்குப் பழிதீர்க்க வரும் முதிய வீரர். கிளின்ட் ஈஸ்ட்வுட்டைவிட வான் கிளீஃப் ஐந்தே வயது மூத்தவர். எனினும் படத்தில் ஒரு தலைமுறை இடைவெளி தெரிகிறது. அந்த வேறுபாட்டை ஒப்பனை மட்டும் தந்துவிடவில்லை. கழிந்த பத்தாண்டுகளும் தந்தன.

அடுத்த ஆண்டு ‘தி குட், தி பேட் அண்டு தி அக்ளி’. அதில் ஏஞ்சல் ஐஸ் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, தான் கொல்லவிருப்பவனின் எதிரே அமர்ந்து பேசாமல் உணவருந்துகிறான். மௌனம் ‘ஹை நூன்’ படத்திலும் இருந்ததுதான். அங்கே வசனம் தரப்படாததால் வந்த மௌனம், இங்கே அச்சுறுத்தும் ஆயுதமாகிறது. ஹாலிவுட் குறையென்று கருதிய மூக்கையும் இடுங்கிய கண்களையும் லியோனே திரை முழுதும் நிரப்பினார். இறுதி மோதலின் அண்மைக் காட்சியில் துப்பாக்கியை நோக்கி நகரும் கையைக் கவனித்தால், நடுவிரலின் நுனி இல்லாதது தெரியும். அதையும் எவரும் மறைக்க முயலவில்லை.

பின்னர் ‘டெத் ரைட்ஸ் எ ஹார்ஸ்’, ‘சபாட்டா’ என ஐரோப்பியப் படங்களில் அவரே நாயகரானார். இவற்றுள் செர்ஜியோ சொல்லிமாவின் ‘தி பிக் கன்டவுன்’ (1966) இன்னும் அதிகம் பேசப்பட்டிருக்க வேண்டிய படம். அமெரிக்கா அவரை மீண்டும் துணை வேடங்களுக்கும் அழைத்தது. ‘எஸ்கேப் ஃபிரம் நியூயார்க்’ (1981) அவற்றுள் குறிப்பிடத்தக்கது. 1989 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் காலமானார். அவரது கல்லறைக் கல்லில் ‘தீயவருள் சிறந்தவர்’ என்ற பொருளில் ஆங்கில வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. கர்னல் மார்ட்டிமரை நினைவில் கொண்டவர்களுக்கு அது பாதி உண்மை.